சும்மா துள்ளுறதா நடனம்?

வணக்கம் அக்கா,

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு முன்பள்ளியில் நான்கு வருடமாகப் படிப்பிக்கிறேன். வட இலங்கை சங்கீத சபையின் நடனப் பரீட்சைகளும் கொஞ்சம் செய்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பரதத்தின் அடிப்படை ஆட்டமான அடவுக்கு முதல் அசைவைப் பழக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு, பாட்டுப் போட்டு நான் முன்னுக்கு நின்று ஆட, பிள்ளைகள் பார்த்து ஆடுகிற வழக்கத்தை நிறுத்தினேன். “மரமாகுங்கோ, வண்ணத்துப்பூச்சியாகுங்கோ” என்று சொல்லி விட்டுப் பார்த்தேன். முதல் நாள் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அடுத்த நாள் கண்டபாட்டுக்கு ஓடி, இரண்டு பேர் முட்டி, ஒருவனுக்கு நெற்றி வீங்கிவிட்டது. “காசு கட்டி அனுப்புறது சும்மா துள்ளவோ?” என்று ஒரு தாய் கேட்டுவிட்டார். கலைவிழா வேறு வருகிறது. இப்படிப் பழகினால் பிறகு பரதம் பழகக் கஷ்டம் என்றும் சொல்கிறார்கள். இன்னொன்று: ஒரு பெடியன் மூன்று மாதமாக விறாந்தைத் தூணைப் பிடித்தபடியே நிற்கிறான். கூப்பிட்டால் அழுகை. என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

*

அன்பின் தங்கைக்கு,

நெற்றி வீக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். “விட்டுப் பார்த்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டால் ஓடத்தான் செய்வார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு மிகவும் பிடித்த அசைவு ஓட்டம். முன்னுக்கு நின்று ஆடிக் காட்டுவதை விட, பிள்ளையே அசைவைக் கண்டுபிடிக்கிற ஆக்கநடனம் பழக்குவதில் ஆசிரியருக்கு வேலை கூட. இதை நான் முன்பே அழுத்தி எழுதியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு கிழமையும் நான் பழக்குவது நிற்பதை மட்டுந்தான். இரண்டு சிரட்டையை எடுத்துத் தட்டுங்கள். சத்தம் கேட்கும் வரை அசைவு. சத்தம் நின்றால் கல். கண்ணிமை மட்டும் ஆடலாம். அப்படி நிற்கும்போதுதான் பிள்ளை தன் கை எங்கே கிடக்கிறது, எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்று கவனிக்கும். பிறகு முற்றத்து மணலில் ஆளுக்கொரு வட்டம் கீறிக் கொடுங்கள். சீமெந்து நிலமென்றால் வெண்கட்டி. “இது உங்கட வீடு.” வீட்டுக்குள் நின்றபடி கை எவ்வளவு தூரம் போகும்? முழங்கை போகுமா? முதுகு? அதெல்லாம் பார்த்து முடிந்த பிறகு, ஒருவரிலும் முட்டாமல் ஊர் சுற்றி, சிரட்டை நிற்கிறதுக்குள் அவரவர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இதை விளையாடத் தெரிந்த வகுப்பில் நெற்றி வீங்கியதை நான் கண்டதில்லை. மொத்தம் இருபது நிமிடம், மிஞ்சினால் இருபத்தைந்து. அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

அடுத்தது அந்த மரம். “மரமாகுங்கோ” என்றால் பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஏனென்றால் மரம் நிற்கிறது. வண்ணத்துப்பூச்சி என்றால் இரண்டு கையையும் அடிக்கும். பெயர்ச்சொல்லைக் கொடுத்தால் படம் வரும். அசைவு வேண்டுமென்றால் வினைச்சொல் கொடுக்க வேண்டும். நடுங்கு, சுருள், கசி, தெறி, உரசு, சாய், பதுங்கு, கெந்து. தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை.

ஒரு வாடைக்காற்று நாளில் பிள்ளைகளை வேலியடிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு பனை, ஒரு முருங்கை, கொஞ்சம் தள்ளி ஒரு தென்னை. “காற்று எந்த மரத்தை என்ன செய்யுது, பாருங்கோ” என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு ஒரு பிள்ளை சொன்னாள்: “ரீச்சர், பனை கீழ ஆடாது. மேல மட்டும் சண்டை பிடிக்குது.” உள்ளே வந்ததும் அவள் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றினாள். இடுப்பு அசையவில்லை, நெஞ்சு அசையவில்லை. தலைக்கு மேலே பத்து விரலும் ஒன்றோடொன்று சடசடவென்று மோதின. பக்கத்தில் ஒருவன் தென்னை: குதிக்கால் தொடக்கம் உச்சி வரை ஒரே வளைவாகச் சாய்ந்து, விழப் பார்த்து, மீண்டான். ஒரு அசைவுகூட நான் ஆடிக் காட்டவில்லை. உடம்பின் ஒரு பகுதியைக் கட்டிப் போட்டு இன்னொன்றை ஆட விடுவது லேசான காரியமில்லை. பெரிய நடனக்காரரே அதற்குப் பாடுபடுவார்கள்.

இது வெறும் துள்ளல் என்று சொல்பவர்களுக்கு அசைவை ஆராய்ந்த நடனக்காரர் ருடோல்ஃப் லாபனைப் பற்றிச் சொல்லலாம். இன்றைய பிராட்டிஸ்லாவாவில் 1879இல் பிறந்து ஜெர்மனியில் பெயர் பெற்றவர். நாசி ஆட்சியில் ஒதுக்கப்பட்டு 1938இல் இங்கிலாந்துக்கு வந்தார். யுத்த காலத்தில் தொழிற்சாலைகளில் ஆட்கள் எப்படித் தூக்குகிறார்கள், தள்ளுகிறார்கள், எங்கே பலத்தை வீணாக்குகிறார்கள் என்று கவனித்தார். கல்வியில் நடனத்தின் இடம் பற்றி அவர் எழுதிய நூல் 1948இல் வந்தது. அங்கே பள்ளிக்கூட ஆசிரியர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். எந்த அசைவிலும் பாரம், நேரம், வெளி, ஓட்டம் (கால் ஓட்டமில்லை; அசைவு தடையின்றிப் போகிறதா, அடக்கப்படுகிறதா என்பது) என்ற நாலையும் அவர் பார்த்தார். எங்கள் ஊர் உரலடியில் நின்றிருந்தால் அவருக்கு வேறு உதாரணமே வேண்டியிருக்காது. உலக்கை மேலே போகும்போது பாரமில்லை, அவசரமில்லை. விழும்போது முழுப் பாரமும் ஒரே கணத்தில். இதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். உலக்கை காணாத பிள்ளைகள் அம்மம்மாவிடம் கேட்டுக்கொண்டு வரட்டும். நான் அப்படி அனுப்பினால் அடுத்த நாள் இரண்டு அம்மம்மாமாராவது படலையடிக்கு வந்து செய்து காட்டிவிட்டுப் போவார்கள்.

வெளிநாட்டுச் சங்கதி என்றும் இதைத் தள்ள முடியாது. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய நாடகக்காரர் குழந்தை ம. சண்முகலிங்கமும் அவரோடு நின்றவர்களும் விளையாட்டைப் பயிற்சியாகவே வைத்தார்கள். அவர் சிறுவர்களுக்கென்றே நாடகங்கள் எழுதினார். அதற்கும் முதல் ஒழுங்கையில் கிளித்தட்டு விளையாட்டு இருந்தது. கோட்டில் நிற்பவரை ஏமாற்ற உடம்பை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் பாய்கிற அந்த வித்தையை ஒருவரும் வகுப்பு வைத்துப் பழக்கவில்லை. இன்றைய பிள்ளைக்கு ஒழுங்கையும் இல்லை, பின்னேரமும் இல்லை. மதில், ரியூசன், போன். அதனால்தான் காலையில் உங்களிடம் கிடைக்கிற அந்த இருபது நிமிடத்தை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்.

பரதம் பற்றி. நானும் தட்டிக் கும்பிட்டு ஆடி வந்தவள்தான்; அதைக் குறைத்து ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு வயதில் அரைமண்டி, அதாவது முழங்காலைப் பக்கத்துக்கு விரித்து மடித்து அரைவாசி இருக்கிற நிலை, கேட்காதீர்கள். அது இடுப்பு மூட்டிலிருந்து திறக்க வேண்டிய நிலை. சின்னப் பிள்ளை பாதத்தை மட்டும் திருப்பும், முழங்கால் உள்ளுக்கு விழும். அப்படியே சீமெந்தில் தட்ட வைத்தால் நோகப்போவது முழங்கால். ஆறு ஏழு வயதில் தொடங்கினால் ஒன்றும் கெட்டுப் போகாது. மெதுவாயும் விரைவாயும் ஒரே அசைவைச் செய்து பழகிய பிள்ளைக்கு, ஒரே அடவை மூன்று வேகத்தில் ஆடுகிற முக்காலம் பிடிபட அதிக நாள் எடுப்பதில்லை. என் வகுப்பில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

நான் விட்ட பிழை ஒன்றையும் எழுத வேண்டும். பழக்கத் தொடங்கிய காலம். ஒரு முன்பள்ளியில் நாலரை வயதுப் பிள்ளை ஒன்று சுழன்றுகொண்டிருந்தாள், ஒரு கை மேலே, ஒரு கை வயிற்றில். நான் போய் வயிற்றில் இருந்த கையை எடுத்து அழகாக விரித்து வைத்தேன். அவள் சுழல்வதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த வருடம் முடியும் வரை ஒவ்வொரு அசைவுக்கும் முதல் என் முகத்தைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினாள். அவளிடமிருந்து நான் எதை எடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆகவே திருத்த வேண்டாம். “வடிவு, கெட்டிக்காரி” என்றும் சொல்ல வேண்டாம். கண்டதைச் சொல்லுங்கள்: “உங்கட ஒரு கை வயிற்றில இருந்தது, கண்டனான். மற்றக் கையும் அங்க வந்தா என்ன நடக்கும்?”

கலைவிழாவுக்குப் பெரிய யோசனை வேண்டாம். பிள்ளைகள் கண்டுபிடித்ததில் மூன்று அசைவைத் தெரிந்தெடுத்து, தொடக்கத்தில் ஒரு நிலை, முடிவில் ஒரு நிலை வைத்தால் பனையும் தென்னையும் முருங்கையும் மேடைக்கு வந்துவிடும். பாட்டுக் கட்டாயமில்லை. சிரட்டைச் சத்தம் போதும், வேண்டுமென்றால் ஒரு மத்தளம். ஆனால் அதற்கு ஒரு கிழமை முதல், கேள்வி கேட்ட அந்தத் தாயையும் மற்றவர்களையும் ஒரு காலை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். கதிரை போட வேண்டாம். அவர்களுக்கும் மணலில் வட்டம் கீறிக் கொடுங்கள்.

கடைசியாக அந்தப் பெடியன். அவனைத் தூணிலிருந்து பிரிக்காதீர்கள். மூன்று மாதமாக அவன் எல்லாரையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான்; அவனுக்குத் தெரியாதது உங்கள் வகுப்பில் ஒன்றும் இருக்காது. நீங்கள் செய்ய வேண்டியது வேறு. நாளைக்கு வட்டம் கீறாமல், எல்லாப் பிள்ளைகளையும் விறாந்தைக்குக் கூட்டி வாருங்கள். ஒரு கை தூணில் ஒட்டியிருக்க வேண்டும், எடுக்கக் கூடாது. மற்ற உடம்பெல்லாம் எங்கெங்கே போகலாம்? இதுதான் அன்றைய பாடம். தூணைச் சுற்றலாம், தொங்கலாம், குந்தலாம், காலைப் பின்னுக்கு எறியலாம். அவன் எப்போதும் பிடிக்கிற தூணை அவனுக்கே விட்டு, பக்கத்தில் இரண்டு பிள்ளைகளை மட்டும் நிறுத்துங்கள். அவனை ஒருவரும் பார்க்க வேண்டாம், நீங்களும் நேராகப் பார்க்க வேண்டாம். சிரட்டையைத் தட்டிக்கொண்டு அவன் கால்விரலை மட்டும் ஓரக்கண்ணால் கவனியுங்கள். அன்றைக்கு ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த கிழமையும் தூண்தான்.

உங்கள் விறாந்தையில் எத்தனை தூண் என்று எழுதவில்லை. நாலு இருந்தால் காணும்.

அன்புடன்,
அக்கா