கடலில் வளர்ந்தவர் சுப்பீரியர் ஏரிக்குப் போவதென்றால்

கேள்வி: ஸ்கார்பரோவுக்கு வந்து எட்டு மாதம். பருத்தித்துறைக் கரையில் வளர்ந்தவன், நீச்சலும் வள்ளம் ஓட்டவும் தெரியும். ஜூலை கடைசியில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சுப்பீரியர் ஏரிக்குப் போய், சின்ன போட் ஒன்றை வாடகைக்கு எடுத்து மீன் பிடிக்க யோசனை. என்ன அனுமதி வேண்டும்? நீந்தத் தெரிந்தவனும் லைஃப் ஜாக்கெட் போடத்தான் வேண்டுமா? பிடிக்கிற மீனைச் சாப்பிடலாமா?

பதில்: தம்பி, முதலில் கேட்டிருக்க வேண்டியதை நடுவில் கேட்டிருக்கிறீர்கள். லைஃப் ஜாக்கெட்டிலிருந்தே தொடங்குவோம். போட வேண்டும், கரையிலேயே பூட்டிக்கொண்டு ஏற வேண்டும். இந்த ஏரியின் அதிகபட்ச ஆழம் 406 மீற்றர்தான். ஆனால் ஆளைக் கொல்வது ஆழம் இல்லை, குளிர். ஜூலையிலும் நடு ஏரியில் மேல்நீர் 10 பாகையைத் தொடாமல் கிடக்கக்கூடும். அடியில் ஆண்டு முழுவதும் 4 பாகையை ஒட்டியே இருக்கும். நம் ஊர்க் கடல் 28 பாகை. அங்கே கற்ற நீச்சல் உடம்பு சூடாக இருக்கும்போது நீந்தும் நீச்சல்.

விழுந்தால் நடப்பதை மனிடோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. தண்ணீர் பட்டதும் வாய் தானாகத் திறந்து பெருமூச்சு இழுக்கும். அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. லைஃப் ஜாக்கெட் தலையை மேலே வைத்திருப்பது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்ன சொல் கேட்கும். பிறகு விரல் மடங்காது, கை தூக்க வராது. எவ்வளவு நல்ல நீச்சல்காரரும் அங்கேதான் தாழ்கிறார். குளிரில் உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம் ஆகும். ஆகவே விழுந்தவர் முதல் நிமிடம் நீந்தாமல் மூச்சை அடக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் போட்டில் ஏறிவிட வேண்டும், முடியாவிட்டால் கவிழ்ந்த போட்டின் முதுகிலாவது உடம்பில் எவ்வளவு முடியுமோ அவ்வளவை ஏற்ற வேண்டும். கரை கிட்டத்தில் தெரிகிறதே என்று போட்டை விட்டு நீந்தப் புறப்படுவதுதான் கடலில் பழகியவர்கள் செய்யும் பிழை. இன்னொன்று, இது நன்னீர். உப்புநீர் தூக்கும் அளவுக்கு இது உங்களைத் தூக்காது.

சட்டத்தில் ஆளுக்கு ஒன்று, அவரவர் அளவில், போட்டில் இருக்க வேண்டும். காற்றடைத்து விரியும் வகை 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 36 கிலோ எடை வராதவர்களுக்கும் அனுமதி இல்லை, ஆகவே பிள்ளைகளுக்கு நுரை வைத்ததுதான். ‘வளர்ந்தாலும் போடலாம்’ என்று ஒரு அளவு பெரிதாக வாங்காதீர்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், பிள்ளையின் நாடியைத் தாண்டி வந்தால் அது உதவாது. 6 மீற்றருக்குக் குறைந்த போட்டில் இவற்றோடு குறைந்தது 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிற்றோடு நங்கூரம், தண்ணீர் இறைக்க வாளி, விசில், நீர் புகாத டோர்ச் எல்லாம் இருக்க வேண்டும். வாடகைக்காரர் தருவார். தந்ததை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி அனுமதிகள். மீன்பிடிக்க 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்ட்டும் அதோடு மீன்பிடி லைசென்ஸும் வேண்டும். கார்ட் 3 வருடத்துக்குச் செல்லும். ஒன்ராறியோவில் தொடர்ந்து 6 மாதம் வசித்திருந்தால் வதிவாளர் கட்டணம், நீங்கள் தாண்டிவிட்டீர்கள். லைசென்ஸில் ஸ்போர்ட், கொன்சர்வேஷன் என்று இரண்டு வகை. இரண்டாவது மலிவு, ஆனால் வைத்துக்கொள்ளக்கூடிய மீன் எண்ணிக்கை குறைவு. ஒரு நாள் லைசென்ஸுக்குக் கார்ட் தேவையில்லை. மனைவி தூண்டிலைப் பிடிக்கப்போகிறார் என்றால் அவருக்கும் வேண்டும், ‘என்னுடையதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்’ என்ற விளக்கம் அதிகாரியிடம் செல்லாது. பிள்ளைகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். எந்த மீன், எந்தக் காலம், எத்தனை என்பது வலயத்துக்கு வலயம் மாறும். சுப்பீரியர் 9ஆம் வலயம். புறப்படும் வாரம் மாகாண அரசின் இணையப் பக்கத்தில் அந்த வலயத்தை வாசியுங்கள்.

இயந்திரம் பூட்டிய எந்தப் போட்டையும் ஓட்ட ‘பிளெஷர் கிராஃப்ட் ஒப்பரேட்டர் கார்ட்’ வேண்டும். சின்ன மின்மோட்டாருக்கும் அதுதான் சட்டம். ஒருமுறை எடுத்தால் ஆயுள் முழுவதும் செல்லும். வாடகை போட்டுக்குக் கடையில் நிரப்பிக் கையெழுத்திடும் பாதுகாப்புப் பட்டியலே அந்த வாடகைக் காலத்துக்குச் சான்றாகும். அப்படியிருந்தும் கார்ட்டையே எடுங்கள் என்பேன். மிதவைகளின் நிறம், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் நம் கரையில் வள்ளம் ஓட்டியவருக்கும் இங்கே புதுப்பாடம். பியர்ப் பெட்டியைக் கரையில் விடுங்கள். தண்ணீரில் குடித்து ஓட்டினாலும் கார் லைசென்ஸ்தான் போகும்.

இடத்துக்கு என் தெரிவு பச்சவானா பே. சூ செய்ன்ட் மரி நகரிலிருந்து 17ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 70 கிலோமீற்றர், ரொறன்ரோவிலிருந்து மொத்தம் 770 வரும். ஒரே நாளில் ஓடாமல் வழியில் தங்குங்கள். மாலை மங்கியபின் அந்த நெடுஞ்சாலையில் மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வரும், கருநிறம், ஹெட்லைட்டுக்கு மேலே நிற்கும் உடம்பு. பக்கத்தில் உள்ள பான்கேக் பே மாகாணப் பூங்காவில் பிள்ளைகளுக்கு நீண்ட மணற்கரை இருக்கிறது. கூடாரமிட 5 மாதத்துக்கு முன்பே பதியலாம், ஜூலைக்கு இடம் விரைவில் நிரம்பும்.

பச்சவானாக் குடா ஓரளவு மறைவானது. அதன் வாயைத் தாண்டினால் முன்னால் இருப்பது கடல் மாதிரி ஒன்று. ஆனால் கடல் இல்லை. சோளகம், வாடை என்று மாதக்கணக்கில் ஒரே பக்கத்துக் காற்றைப் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு மத்தியானத்துக்குள் காற்று திரும்புவது பழக்கமில்லை. அலை நம் கடலின் நீளலை மாதிரி ஏறி இறங்காது. குறுகி, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும். சின்ன போட்டின் அணியம் ஒரு அலையிலிருந்து எழும்பு முன்னரே அடுத்தது வந்துவிடும். சுற்றுச்சூழல் கனடாவின் கடல்சார் முன்னறிவிப்பில் ‘வைட்ஃபிஷ் பே’, ‘கிழக்குச் சுப்பீரியர்’ இரண்டையும் பாருங்கள். அங்கே காற்று நொட்டில் இருக்கும், 1 நொட் மணிக்கு 1.85 கிலோமீற்றர். ஐந்து மீற்றர் போட்டுக்கு மேற்குக் காற்று 10 நொட்டைத் தாண்டும் என்றிருந்தால் குடாவை விட்டு வெளியே போகாதீர்கள். விடியப் போய் பதினொரு மணிக்குத் திரும்புவது நல்ல கணக்கு. சூடான காற்று குளிர்ந்த நீர்மேல் வரும்போது மூடுபனி சில நிமிடங்களில் இறங்கும், ஆகவே ஜிபிஎஸ்ஸில் புறப்பட்ட துறையைக் குறித்துவைத்த பிறகே கயிற்றை அவிழுங்கள்.

மீனும் வெப்பநிலையைத்தான் பின்தொடரும். லேக் ட்ரவுட்டுக்குப் பிடித்தது 10 பாகை சுற்றுவட்டம். மே மாதம் பனி உருகியதும் ஏரி முழுவதும் குளிர்ந்திருப்பதால் அது கரைக்கே வரும், போட் இல்லாமலே பிடிக்கலாம் (அப்போது கறுப்பு ஈ முகத்தை மொய்க்கும்). ஜூலை கடைசியில் மேல்நீர் சூடாக, மீன் 20, 30 மீற்றருக்கு இறங்கிவிடும். கரையிலிருந்து வெளியே தொடர்ந்து காற்றடித்தால் சூடான மேல்நீர் தள்ளப்பட்டு அடிக்குளிர் மேலே வரும். நேற்றுக் கடித்த இடம் இன்று செத்துக்கிடப்பதற்கு அநேகமாக இதுதான் காரணம். இடத்தை மாற்ற முன்னர் வெப்பமானியைப் பாருங்கள்.

டவுன்ரிகர் (கம்பியில் கட்டிய குண்டால் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி) இல்லாமல் தொடங்குவதற்குச் சிறந்த முறை செங்குத்தாகக் குத்துவது. 15 இறாத்தல் பின்னல் நூல், நுனியில் 2 மீற்றர் ஃபுளூரோகார்பன் தங்கூசி, அதில் 1 அவுன்ஸ் வெள்ளை டியூப் ஜிக் (ஈயத்தலை வைத்த குழாய் வடிவச் செயற்கை இரை). சோனாரில் அடிப்பக்கம் வளைகோடு தெரிந்தால் தரை தொடும் வரை விட்டு, ஒரு முழம் தூக்கித் தூக்கி விடுங்கள். பின்தொடர்ந்து வந்து கடிக்காமல் நின்றால் வேகமாக மேலே சுற்றுங்கள், தப்பியோடும் இரையைத் துரத்தும் குணம் அதற்கு. நூல் சாய்ந்து போனால் போட் காற்றில் இழுபடுகிறது என்று அர்த்தம். ஈயத்தைக் கூட்டுங்கள், இல்லையேல் தண்ணீரில் இழுபடும் நீர்ப்பையைப் போட்டில் கட்டி வேகத்தைக் குறையுங்கள். டவுன்ரிகர் பூட்டிய போட் கிடைத்தால் அதன் பிரேக்கை இறுக்கி வைக்காதீர்கள். 10 இறாத்தல் குண்டு பாறையில் சிக்கும்போது கம்பி ஓடாவிட்டால் போட்டின் கடையார் தண்ணீருக்குள் இழுபடும்.

உயிருள்ள சிறுமீன் இரையைத் தெற்கில் வாங்கி எடுத்துச் செல்லாதீர்கள். இரைக்கென்று தனியாக வகுத்த வலயத்தின் எல்லையை அது கடப்பது 2022 முதல் குற்றம், செத்ததற்கும் அதே சட்டம். மண்புழுவுக்குத் தடையில்லை.

சாப்பிடலாமா என்றால் சாப்பிடலாம், அளவறிந்து. ஒன்ராறியோ அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியில் ஏரியின் பகுதி, மீன் வகை, நீளம் மூன்றையும் பார்த்தால் மாதத்துக்கு எத்தனை வேளை என்று இருக்கும். பிள்ளைப்பேறு வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கும் தனி எண்ணிக்கை. அதைத்தான் உங்கள் வீட்டுக்கு எடுக்க வேண்டும். நீளம் கூடினால் வேளை குறையும், ஆகவே பெரியதைப் படமெடுத்து விட்டுவிட்டுச் சின்னதை வைத்திருங்கள். தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் வெட்டினால் பிசிபி என்ற தொழிற்சாலை நச்சு குறையும். பாதரசம் சதையில் இருப்பதால் அது குறையாது. பக்கத்தில் வட்டத் தழும்பு இருந்தால் பயப்பட வேண்டாம், லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி உறிஞ்சிய இடம். லேக் ட்ரவுட் கொழுப்பு மீன், அறக்குளா மாதிரிக் குழம்பில் நிற்காது, தூள் பிரட்டிப் பொரியுங்கள். குழம்புக்கு வைட்ஃபிஷ்ஷும் மெதுவாகத்தான் கொதிக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்து வரும் துண்டில் தோல் கொஞ்சம் விட்டிருக்க வேண்டும், என்ன மீன், எத்தனை என்று அதிகாரி எண்ணக்கூடியதாகக் கட்டுங்கள். குடலைக் கூடாரப் பக்கம் போடாதீர்கள், கரடி வரும்.

சூவுக்கு வடக்கே கைபேசிக்குச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வெளியே போவதென்றால் வி.எச்.எஃப் ரேடியோ, 16ஆம் அலைவரிசை. எரிபொருளை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கில் போய், ஒரு பங்கில் வந்து, ஒரு பங்கை மிச்சம் வையுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள், எந்த நேரம் தாண்டினால் அவர் உதவிக்கு அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து. கரையேறியதும் முதல் வேலை அவருக்குச் சொல்வது. மறந்தால் உங்களைத் தேட ஆட்கள் வெளிக்கிட்டுவிடுவார்கள்.