பிக்கப் வண்டிக்குப் பழைய எஞ்சின் சாமான் வாங்குவது: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலிருந்து தொண்டி வரை மீன் வண்டிகள் சும்மா நிற்கும். எஞ்சின் வேலையை அப்போதுதான் எல்லோரும் எடுக்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் சாமான் பற்றி வந்த கேள்விகளுக்கு, இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, என் பொலேரோ பிக்கப் எஞ்சின் சீஸ் ஆகி, சுற்றாமல் இறுகிவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு எஞ்சின் இருக்கிறது. அதுவும் 2523 சிசிதான். அப்படியே இறக்கிவிடலாமா?

தம்பி, சிசியை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதே. மஹிந்திராவின் பழைய டிஐ எஞ்சினும் 2523 சிசி, பிறகு வந்த காமன் ரயில் எஞ்சினும் 2523 சிசி. முன்னது மெக்கானிக்கல் பம்பில் ஓடுவது. பின்னதற்கு ரயில் (டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் பொதுவான டீசல் குழாய்), சென்சார், ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாம் வேண்டும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வயரிங்கிலிருந்து டீசல் லைன் வரை எதுவும் சேராது.

இரண்டும் காமன் ரயில் என்றாலும் வண்டி எந்த வருடம் என்று கேள். புகை விதி 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்4, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6. அந்த மாற்றங்களில் ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடும் அமைப்பு), சென்சார், வயரிங் பிளக் எல்லாம் மாறியிருக்கும். உன் எஞ்சினை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள். எஞ்சின் நம்பர், பம்பில் இருக்கும் நம்பர், மவுண்டிங் துளைகள், சென்சார் உட்காரும் இடங்கள் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். கடையில் நின்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார். உன் பம்பு, டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் விசிறி), வயரிங் நன்றாக இருந்தால், ஆஃப் எஞ்சின், அதாவது அந்தச் சாமான்கள் இல்லாத எஞ்சின் மட்டும் வாங்கிப் பழைய சாமான்களை அதில் மாட்டுவதுதான் என் விருப்பம். தகராறு குறையும்.

கிராங்க் புல்லியில் (எஞ்சினைச் சுற்றும் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் பெல்ட் சக்கரம்) ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றிப் பார்க்காமல் எந்த எஞ்சினையும் ஏற்றாதே. நடுவில் இடித்தால் விட்டுவிடு.

அப்புறம் காகிதம். எஞ்சின் நம்பர் மாறினால் 14 நாளுக்குள் ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும். இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். நம்பர் எழுதிய பில் தராத கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதே. திருட்டு வண்டி எஞ்சினாக இருந்தால் மாட்டிக்கொள்வது நீதான்.

கீழக்கரையிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, என் அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டிக்கு எஞ்சின் மேல்மூடியான ஹெட் வெடித்துவிட்டது. பழைய ஹெட் எதைப் பார்த்து வாங்குவது?

காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), நம் ஊருக்கென்றே ஒரு கஷ்டம் உண்டு. போர் தண்ணீர் உப்பு. அவசரத்துக்கு அதையே ரேடியேட்டரில் ஊற்றி மாதக்கணக்கில் ஓட்டுகிறோம். அலுமினிய ஹெட் என்றால் தண்ணீர் போகும் துளைகளின் ஓரம் பல் அரித்த மாதிரி ஆகிவிடும். மேலே பாலிஷ் போட்டு வைத்திருப்பார்கள், பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். துளை ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கட் தகடு உட்காரும் இடம் வரை அரிப்பு வந்திருந்தால் வேண்டாம்.

உங்கள் உடைந்த ஹெட்டைக் கையோடு கொண்டு போங்கள். வார்ப்பில் இருக்கும் நம்பர், போல்ட் துளை, இன்ஜெக்டர் உட்காரும் குழி, தண்ணீர் வழி எல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பழைய கேஸ்கட்டை இரண்டின் மேலும் விரித்துப் பார்ப்பது சுலபமான வழி. பிறகு நல்ல லேத் பட்டறையில் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்ட். வளைவு இருக்கிறதா என்று ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்ச் சட்டம்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இழைத்த ஹெட்டா என்று உயரத்தை அளக்க வேண்டும். சில டீசல் எஞ்சின்களில் ஹெட்டை இழைக்கவே கூடாது.

கேஸ்கட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பல டீசல் எஞ்சின்களுக்கு ஒரே கேஸ்கட் இரண்டு மூன்று கனத்தில் வரும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து கனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேஸ்கட் ஓரத்தில் இருக்கும் துளையோ வெட்டோ அந்தக் கனத்துக்கான அடையாளம்.

தொண்டியிலிருந்து: வேறு வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜெக்டர் நாலு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

இன்ஜெக்டர் உடம்பில் இருக்கும் பார்ட் நம்பர் கடைசி எண் வரை ஒத்துப்போக வேண்டும். அது போதாது. தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி பொறித்திருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசல் விடும் என்ற கணக்கு அது. ஸ்கேனர் வைத்து அதை ஈசிஎம்மில் ஏற்ற வேண்டும். ஆரம்ப காலத்தில் அதை ஏற்றாமல் ஒரு வண்டியை அனுப்பிவிட்டேன். அடுத்த நாளே ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) குலுங்குகிறது, புகை தள்ளுகிறது என்று திரும்பி வந்தது. அந்த வண்டிக்காரருக்கு ஒரு லோடு மீன் போய்விட்டது. இன்றும் எனக்கு அது உறுத்தும். டெஸ்ட் பெஞ்சில் போட்ட ரிப்போர்ட் இல்லாமல் பழைய இன்ஜெக்டர் வாங்க வேண்டாம்.

சாயல்குடியிலிருந்து: பொலேரோவுக்கு ஆல்டர்னேட்டர் பழசு போடலாமா?

தாராளமாக. ஆனால் பின்பக்கம் பாருங்கள். பல பொலேரோக்களில், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கான வேக்குவம் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்னால்தான் இருக்கிறது. அது இல்லாத ஆல்டர்னேட்டரை மாட்டினால் பேட்டரி சார்ஜ் ஆகும், பிரேக் கல்லாகிவிடும். கருவாட்டு மூட்டையோடு பாம்பன் பாலத்தில் ஏறும்போதா அது தெரிய வேண்டும்? புல்லியில் எத்தனை பள்ளம் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பரமக்குடியிலிருந்து: டாடா ஏஸ் இரண்டு சிலிண்டர் எஞ்சின். பழைய கிராங்க் வாங்கிவிட்டேன், பேரிங் எந்த அளவு வாங்குவது?

முதலில் கிராங்கை மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கிரைண்ட் செய்து மெலிந்திருந்தால் அதற்கேற்ற 0.25, 0.50 மி.மீ. என்று அண்டர்சைஸ் பேரிங் வேண்டும். அளக்காமல் ஸ்டாண்டர்டு பேரிங் வாங்கி வந்தால் ஆயில் பிரஷர் நிற்காது.

ராமேஸ்வரத்திலிருந்து: ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு?

பினியன் (மோட்டார் முனையில் இருக்கும் சிறு பல்சக்கரம்) பற்களை எண்ணுங்கள், போல்ட் துளை இடைவெளியை அளங்கள், உங்கள் மோட்டார், வாங்கப்போகும் மோட்டார் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பினியன் எவ்வளவு வெளியே வருகிறது என்று பாருங்கள். அவ்வளவுதான்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார், வண்டிக் கணக்கு நான்தான் பார்க்கிறேன். டர்போ ஒன்று போனில் பேசி முடித்திருக்கிறேன். முழுப் பணத்தையும் முதலில் அனுப்பச் சொல்கிறார்கள்.

அனுப்பாதே தங்கச்சி. டர்போ உடம்பில் தகடு ஒன்று இருக்கும். அதன் நம்பர் தெரியும்படி படம் கேள், உன் பழைய டர்போ தகட்டோடு ஒவ்வொரு எண்ணாகப் பார். பிறகு வீடியோ காலில் ஷாஃப்ட்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துக் காட்டச் சொல். அப்படி இழுக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் வேண்டாம். விசிறி இறக்கை உடம்பில் உரசிய தடம் இருந்தாலும் வேண்டாம். அவர்கள் காட்ட மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள். வாங்கினால் மாற்றித் தரும் நாள் கணக்கைப் பில்லில் எழுதி வாங்கு. மாட்டுவதற்கு முன் ஆயில் பைப்பைக் கழற்றி அடைப்பு எடுக்கச் சொல். பழைய டர்போ போனதற்கே அந்த அடைப்பு காரணமாக இருந்திருக்கலாம்.