வீட்டிலிருந்து வேலை: எந்த டென்ஷன் நல்லது, எது கெட்டது?

கேள்வி (சென்னை, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை): மேடம், ரிலீஸ் நெருங்கினால் படபடப்பு வருகிறது. ஆனால் அப்போதுதான் வேலையும் மளமளவென்று ஓடுகிறது. இது ஏதாவது பிரச்சினையா?

பதில்: ஒரு பிரச்சினையும் இல்லை. மன அழுத்த ஆராய்ச்சியின் முன்னோடியான ஹான்ஸ் செலியே, ஆளைத் தட்டியெழுப்புகிற அழுத்தம் வேறு, அரித்துத் தின்கிற அழுத்தம் வேறு என்று எழுபதுகளிலேயே பிரித்துச் சொல்லிவிட்டார். ரிலீஸ் முடிந்த மறுநாள் பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா? வந்தால் உங்களுடையது நல்ல வகை.

கேள்வி (மதுரை): ஆபீஸ் வீடியோ கால் ஓடும்போதே குக்கர் விசில், வாசலில் ஆள். மாமியார் "வீட்டுலதானே இருக்கே" என்கிறார். கணவருக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. என் எரிச்சல் எல்லாம் பிள்ளை மேல் போகிறது.

பதில்: கோளாறு உங்கள் மனசில் இல்லைம்மா, வீட்டு ஏற்பாட்டில் இருக்கிறது. மியூட் போட்டு விசில் எண்ணிக்கொண்டிருந்து, மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைக்க எழும்போது பார்த்து உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள், நெஞ்சு திக்கென்று அடிக்கும், அது நாளுக்குப் பத்து தடவை நடந்தால் சாயங்காலம் யாரால்தான் பொறுமையாக இருக்க முடியும்? உங்கள் கணவர் கால் பேசும்போது கேஸ் சிலிண்டர் வந்தால் யார் எழுந்து போகிறார்கள்? இதை அவரிடமே கேளுங்கள், சண்டையாக இல்லாமல். உங்களுக்கு முக்கியமான கால் இருக்கும் நேரத்தில் அடுப்பும் வாசலும் அவர் பொறுப்பு. அத்தையிடமும் அவரே சொல்லட்டும், நீங்கள் சொல்வதைவிட மகன் சொன்னால்தான் எடுபடும் (அநியாயம்தான், ஆனால் நடைமுறை அப்படி).

கேள்வி: நாள் முழுக்க வீடியோ கால். சாயங்காலம் தலை கனக்கிறது.

பதில்: உங்கள் முகத்தையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு காரணம் என்கிறார் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன். செட்டிங்கில் உங்கள் படத்தை உங்களுக்கு மட்டும் மறைத்துவிடுங்கள்.

கேள்வி (கோவை): அமெரிக்க க்ளையன்ட், இரவு ஒன்பதரைக்குத்தான் கால். பகலிலும் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிய வேண்டும் என்று மேனேஜர் எதிர்பார்க்கிறார். படுத்தாலும் மெசேஜ் வந்த மாதிரியே இருக்கிறது.

பதில்: கெட்ட வகை என்றால் இதுதான். வேலை கஷ்டம் என்பதால் இல்லை, முடிகிற நேரம் என்று ஒன்று இல்லாததால். ஆபீஸ் போன காலத்தில் கேப் டிரைவர் ஹாரன் அடித்தால் அன்றைய வேலை முடிந்தது, இப்போது அதைச் சொல்ல ஆள் இல்லை. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொன்னார்கள். வேலை நேரம் முடிந்தபின் தொந்தரவு இல்லாமல் இருக்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் சட்டமாக இருக்கிறது, நம் நாட்டில் பேசித்தான் வாங்க வேண்டும். "டென்ஷனா இருக்கு சார்" என்று போய் நிற்காதீர்கள். ஒரு வாரத்து லாகின் நேரங்களைக் குறித்துவைத்து, இரவு கால் உள்ள நாட்களில் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குகிறேன் என்று மெயிலில் கேளுங்கள்.

கேள்வி: எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பதில்: இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டு, பிடித்ததும் பிடிக்காமல் போனால் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சு வலி என்றால் 'டென்ஷன்தான்' என்று உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு. பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.