கல்லாப்பெட்டி: ஆர்டர் நோட்டில் கார்டு நம்பர்

கேள்வி: நாச்சியார்கோவிலில் மாமனார் காலத்துப் பட்டறை எங்களுடையது. குத்துவிளக்கு ஆர்டரெல்லாம் இப்போது போனில்தான் வருகிறது. வார்த்து, கடைந்து, எடை போட்ட பிறகுதான் சரியான விலை தெரியும். அதனால் பாக்கியை எடுத்துக்கொள்ள, வாடிக்கையாளரின் கிரெடிட் கார்டு நம்பர், எக்ஸ்பைரி, பின்னால் உள்ள மூன்று இலக்கம் எல்லாவற்றையும் ஆர்டர் நோட்டில் குறித்து வைக்கிறேன். எக்செல்லில் ஏற்றி பாஸ்வேர்டு போட்டால் பத்திரம் என்கிறான் மகன். பாதி ஏற்றியும் விட்டான். சரிதானா?
– ஒரு வாசகி, நாச்சியார்கோவில்

பதில்: எந்தப் பூட்டுப் போட்டாலும் அந்த நம்பர் உங்களிடம் இருக்கக் கூடாது அம்மா. கார்டு கொடுத்த வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் முழு நம்பரைச் சேமிக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி 2022 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த மூன்று இலக்கம், அதாவது சிவிவி, இன்னும் மோசம். பணம் எடுக்க அனுமதி கிடைத்ததுமே அதன் வேலை முடிந்தது. அதற்குமேல் ரகசியக் குறியாக மாற்றிக்கூட வைத்திருக்கக் கூடாது என்கிறது பிசிஐ, அதாவது கார்டு நெட்வொர்க்குகள் சேர்ந்து கடைகளுக்குப் போட்ட பாதுகாப்பு விதி.

அதுவும் போகட்டும், நம்பரை வைத்து என்ன செய்தீர்கள்? நம் நாட்டு கார்டில் விளக்கு விலையெல்லாம் ஓடிபி இல்லாமல் ஆன்லைனில் நகராது. அப்படியானால் ஓடிபியையும் போனில் கேட்டு வாங்குகிறீர்கள். ‘நம்ம விளக்குக் கடை அம்மாதானே’ என்று சொல்லிப் பழகியவர், நாளைக்கு எவனோ உங்கள் கடைப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். வெளிநாட்டு கார்டு சில, ஓடிபி இல்லாமலே போகும். அது வேறு வம்பு. ‘நான் வாங்கவேயில்லை’ என்று கார்டுக்காரர் தன் வங்கியில் எழுதிக் கொடுத்தால் பணம் உங்கள் கணக்கிலிருந்து திரும்பிப் போகும், அன்னபட்சி விளக்கு சிங்கப்பூரிலேயே நிற்கும். கும்பகோணத்தில் வங்கிக் கிளையில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த மாதிரி வழக்குகளில் கடைக்காரர் ஜெயித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்கள் வங்கியிலேயே பேமென்ட் லிங்க், அதாவது வாடிக்கையாளர் தொட்டுப் பணம் கட்ட அவர் போனுக்கு அனுப்பும் இணைப்பு, அந்த வசதியைக் கேளுங்கள். ஆர்டர் எடுத்ததும் பித்தளைக்கான முன்பணத்துக்கு ஒரு லிங்க். எடை போட்டதும், தராசில் விளக்கு இருக்கும் படத்தோடு பாக்கிக்கு இன்னொன்று. நம்பரை வாடிக்கையாளரே தட்டிக்கொள்வார், உங்கள் கண்ணிலேயே படாது. மாதாமாதம் வாங்கும் மொத்த வியாபாரி சம்மதித்து ஓடிபி போட்டால், நம்பருக்குப் பதில் ஒரு டோக்கன் உருவாகும். அது அந்த கார்டுக்கும் உங்கள் கடைக்கும் மட்டும் செல்லும், திருடினாலும் வேறு கடையில் உதவாது. நோட்டில் கடைசி நாலு இலக்கம், வங்கிப் பெயர், பரிவர்த்தனை எண் போதும். பணத்தைத் திருப்பித் தருவதற்கும் பரிவர்த்தனை எண்தான் வேண்டும்.

இனி பழைய நோட்டுகள். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அவர் கடையிலிருந்து நேரே பஜ்ஜிக் கடைக்குப் போகும். மொத்தமாகக் கொளுத்தவும் முடியாது. ஜிஎஸ்டி கட்டுகிறவர் என்றால், ஆண்டுக் கணக்கு தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கறுப்பு மையால் அடித்தாலோ, வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்தால் பால்பாயின்ட் அழுத்திய இலக்கம் தெரிந்துவிடும். கத்தரிக்கோல் எடுத்து அந்த வரியை மட்டும் வெட்டுங்கள். துண்டுகளைப் போட வேறெங்கும் போக வேண்டாம், பட்டறையில் உலை இருக்கிறதே.

வாட்ஸ்அப்பில் கார்டைப் படமெடுத்து அனுப்பியவர்களும் இருப்பார்கள். அரட்டையில் அழித்தாலும் கேலரியில் கிடக்கும், அங்கே அழித்தால் கூகுள் போட்டோஸின் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதையும் காலி செய்யுங்கள். அந்தப் பாதி எக்செல் ஃபைலை ஆடிட்டருக்கு மெயிலில் அனுப்பினானா, பென்டிரைவில் ஏற்றினானா என்று மகனிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.