காருக்குப் பின்னால் பாய்ப்படகு: கோடை விடுமுறைக்கு முன் வந்த கேள்விகள்

இங்கிலாந்தில் பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க, படகைக் காரில் இழுத்துப்போவது பற்றிய கேள்விகள் கூடும். பலருக்கும் பயம் எடையைப் பற்றித்தான். சின்னக் கட்டமரானைப் (இரண்டு மிதவைகளை இணைத்துச் செய்த பாய்ப்படகு) பொறுத்தவரை எடை கடைசிக் கவலை. நீளமும் அகலமும்தான் வழியில் தொல்லை கொடுக்கும்.

பழைய ஹோபி 16 கட்டமரான் வாங்கியிருக்கிறோம். எங்களிடம் இருப்பது 1,200 கிலோ எடையுள்ள சின்னக் கார். கார்ன்வால் வரை இழுக்குமா? தனி லைசென்ஸ் வேண்டுமா? (ஹாரோ)

தாராளமாக இழுக்கும். படகு ஏறத்தாழ 145 கிலோ. ட்ரெய்லர், பாய், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்தாலும் 350 கிலோவுக்குள் முடித்துவிடலாம். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குச் சட்டம் தரும் உச்சம் 750 கிலோ, அல்லது காரின் எடையில் பாதி. எது குறைவோ அது. உங்களுக்கு 600 கிலோ. ஆனால் கார் நிறுவனம் அதைவிடக் குறைவாகவும் எழுதியிருக்கலாம், கையேட்டைப் பாருங்கள். சில மின்சாரக் கார்களுக்கு இழுக்கவே அனுமதி கிடையாது.

சாதாரணக் கார் லைசென்ஸே போதும். ட்ரெய்லர் தனியே கழன்றால் தடுக்க இரண்டாவது இணைப்புச் சங்கிலி கட்டாயம். வேக வரம்பு மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல், நடுத்தடுப்பில்லாத சாலையில் 50 மைல், மூன்று தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலக்கோடித் தடம் உங்களுக்கு இல்லை. லேசான ட்ரெய்லர் என்பதால் பின்னால் இருப்பதே மறந்துபோகும். வேகம் தானாக ஏறும்.

பாய்மரம் ட்ரெய்லரைவிட நீளமாக இருக்கிறது. முன்னால் நீட்டுவதா, பின்னால் நீட்டுவதா? (லெஸ்டர்)

வந்ததில் நல்ல கேள்வி இதுதான். ஹோபி 16 படகின் நீளம் 5 மீட்டர்தான். பாய்மரமோ 8 மீட்டர். மிச்சம் 3 மீட்டரை எங்காவது வைத்தாக வேண்டும்.

முன்னால் அதிகம் தள்ளினால் நுனி கார்க் கூரைக்கு மேல் வந்து நிற்கும். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. பெட்ரோல் பங்க்கில் ஒடித்துத் திரும்பும்போதுதான் கூரை மூலையில் இடிக்கும். இன்னொன்று, டிக்கிக் கதவு திறக்காது. சாப்பாட்டுக் கூடையும் பிள்ளைகளின் மாற்றுத் துணியும் அதற்குள்ளே! நான் ஒருமுறை சாலையோர லே-பையில் நின்று, பின்சீட்டை மடக்கி, தவழ்ந்து போய் இட்லி டப்பாவை எடுத்திருக்கிறேன். ஆகவே வீட்டு வாசலிலேயே டிக்கியைத் திறந்து பாருங்கள், காரை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள்.

பின்னால் நீட்டுவது 1 மீட்டரைத் தாண்டினால் நுனி மற்றவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பளிச்சென்ற துணி கட்டுங்கள், இருட்டினால் சிவப்பு விளக்கும் வேண்டும். 2 மீட்டரைத் தாண்டினால் கோடுபோட்ட எச்சரிக்கைப் பலகை வேண்டும். அந்த அளவுக்குப் போகாமல் இரு பக்கமும் பிரித்துக்கொள்வதே நல்லது.

பாய்மரத்தோடு வரும் கம்பிகளை அடிக்கொரு துணி நாடாவால் சேர்த்துக் கட்டுங்கள். ஒன்று தொங்கிச் சாலையில் உரசினால் ஐம்பது மைலில் தேய்ந்துவிடும். அதே கம்பிதான் மறுநாள் கடலில் பாய்மரத்தைத் தாங்கப்போகிறது. படகைக் கட்டும் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் 'ஙொய்' என்று இரையாது. பட்டையை இறுக்கும் ராட்செட்டை வைத்து வெறிகொண்டு இறுக்காதீர்கள், மிதவை நசுங்கும்.

படகைக் கழற்றி, இரண்டு மிதவைகளையும் தனித்தனியாக ஏற்றினால் என்ன? (கிராய்டன்)

நம்மூர்க் கட்டுமரத்தை அப்படித்தான் செய்வார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயவைப்பார்கள். ட்ரெய்லரே தேவையில்லாத படகு அது! ஹோபியை மாட்டிக் கழற்ற ஒவ்வொரு முறையும் அரைநாள் போய்விடும். விடுமுறையில் யார் செய்வது? அதன் அகலம் 2.41 மீட்டர். ட்ரெய்லருக்கு 2.55 மீட்டர் வரை அனுமதி உண்டு, அதனால் அப்படியே ஏற்றலாம். முன்பு ஒலிம்பிக்கில் ஓடிய டொர்னேடோ போன்ற 3 மீட்டர் அகலப் படகைத்தான் சாய்த்தோ கழற்றியோ ஏற்ற வேண்டும்.

லண்டன்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். குடியிருப்புத் தெருக்களில் இரும்புத் தூண் நட்டு 7 அடி, 6 அடி 6 அங்குலம் என்று எழுதியிருப்பார்களே, அதில் உங்கள் படகு நுழையாது. 7 அடி என்பது 2.13 மீட்டர்தான். காருக்கு வழிகாட்டும் செயலி அந்தத் தெருவுக்கே கூட்டிப்போகும். ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் வரிசையாக ஹாரன் அடிப்பார்கள்.

ட்ரெய்லரைக் கடலுக்குள் இறக்கித்தான் படகை விடுகிறோம். சரியா? (சவுத்ஹால்)

சரியில்லை. நீண்ட ஓட்டத்தில் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் சூடாகியிருக்கும். ட்ரெய்லரின் சின்னச் சக்கரம் கார்ச் சக்கரத்தைவிட அதிகம் சுழல வேண்டுமே. சூடான ஹப்பைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புத் தண்ணீரை உறிஞ்சும், பேரிங் துருப்பிடிக்கும். பலூன் சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்றை வாங்கி, ட்ரெய்லரைக் கரையிலேயே விடுங்கள். வழியில் நிற்கும்போதெல்லாம் ஹப்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் மேலே போகாதீர்கள். ட்ரெய்லருக்கென்று ஸ்டெப்னி சக்கரம் இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

வைட் தீவுக்கு ஃபெரியில் இடம் பதிவு செய்ய எந்த நீளம் கொடுக்க வேண்டும்? (ரெடிங்)

காரின் மூக்கிலிருந்து பின்னால் நீட்டும் பாய்மர நுனி வரை டேப் வைத்து அளந்து கொடுங்கள்.

முகாம் இடத்திலேயே பாய்மரத்தை நிமிர்த்திவிட்டுக் கரைக்குத் தள்ளிப்போகலாமா? (மில்டன் கீன்ஸ்)

வேண்டாம். பாதைக்குக் குறுக்கே மின்கம்பி போகும். பாய்மரம் அலுமினியம். இதற்காகவே ஹோபி நிறுவனம் பாய்மரத்தின் மேல்பகுதியை மின்சாரம் கடத்தாத ஃபைபரில் செய்யத் தொடங்கியது, ஆனால் பழைய படகுகளில் அது இருக்காது. நிமிர்த்துவதைக் கடற்கரையில், மேலே வெறும் வானம் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடந்த முறை அரை மணியில் ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. மிதவையில் ஓட்டையா? (ஈஸ்ட் ஹாம்)

முதலில் பின்பக்க வடிகால் அடைப்பான் இருந்ததா என்று சொல்லுங்கள். பயணத்தில் அதைக் கழற்றி வைப்பது சரிதான், இல்லாவிட்டால் வெயிலில் உள்காற்று விரிந்து மிதவையை நெருக்கும். தண்ணீரில் இறக்கும்போது மாட்ட மறப்பவர்கள்தான் அதிகம். இரண்டு மிதவைகளின் அடைப்பான்களையும் கார்ச் சாவிக்கொத்தில் கோத்து வையுங்கள்.