வசந்த காலத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பெரிய ஏற்பாடு இல்லாமல் எங்கே போய்வரலாம்?

ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் கிடைக்கிறது, ஆறு வயதுப் பிள்ளையும் முழங்கால் வலியுள்ள அம்மாவும் உடன் இருக்கிறார்கள், பக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி எந்த இடமும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு நிலைமையும் ஏறக்குறைய இதேதான். மூன்று வருடமாக நாங்கள் செய்து பார்த்து, எங்களுக்குப் பிடித்துப்போன ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் போய்ச்சேர முடிய வேண்டும். கொஞ்சம் தண்ணீர், நாலைந்து பெரிய மரம், உட்கார ஓர் இடம் இருந்தால் போதும். குளக்கரையோ, வாய்க்கால் ஓரமோ, யாரும் அதிகம் எட்டிப்பார்க்காத பூங்கா மூலையோ, எதுவாக இருந்தாலும் சரி. வசந்தம் முடியும்வரை வாராவாரம் அதே இடத்துக்குப் போங்கள். வேறு எங்கேயும் போக வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

புது இடம் தேடாமல் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவானேன் என்று தோன்றலாம். மற்ற பருவங்களில் அது நியாயமான கேள்விதான். கோடையில் ஒரு குளத்தை இன்று பார்ப்பதற்கும் மூன்று வாரம் கழித்துப் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வசந்தத்தில் அப்படியில்லை. போன ஞாயிறு மொட்டாக இருந்தது இந்த ஞாயிறு பூவாகியிருக்கும், அடுத்த ஞாயிறு உதிர்ந்திருக்கும். ஒரு முறை மட்டும் போகிறவர் கண்ணில் படுவது பூ மட்டும்தான். மொட்டும் உதிர்வும் அவருக்குத் தெரியாமலே போய்விடும். தூரத்து இடத்துக்கு வாராவாரம் போக முடியாது. பக்கத்து இடத்துக்குப் போகலாம்.

இதற்கு முன்பு நாங்களும் தூரமாகப் போனவர்கள்தான். ஒரு வசந்தத்தில் பூ பார்க்கவென்று நாலு மணி நேரம் பயணம் செய்து ஒரு மலையடிவாரத்துக்குப் போனோம். வண்டி நிறுத்த இடம் தேடவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அம்மாவால் நடக்க முடியாத ஏற்றம், மகளுக்குத் தூக்கக் கலக்கம், பூக்களோ பெரும்பாலும் கொட்டிப்போயிருந்தன. திரும்பி வரும்போது வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. மறுவாரம் களைப்பில் எங்கும் போக மனமில்லாமல், நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு சின்னக் குளத்துக்குப் போனோம். பல வருடமாக அதன் வழியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு நாளும் அங்கே நின்றதில்லை.

அன்று மகள்தான் முதலில் பார்த்தாள். கரையோரப் புல்லுக்கடியில், தண்ணீரில், கண்ணாடிபோல ஒரு சளிக்கட்டி. உள்ளே கடுகு கடுகாகக் கறுப்புப் புள்ளிகள். தவளை முட்டை. அடுத்த வாரம் புள்ளிகள் நீண்டு காற்புள்ளி வடிவத்துக்கு வந்திருந்தன. அதற்கடுத்த வாரம் அத்தனையும் தலைப்பிரட்டைகளாகிக் கரையோரம் கறுப்பாக மொய்த்தன. அப்புறம் பின்னங்கால், அதன் பிறகு முன்னங்கால், கடைசியில் வால் சுருங்கிய குட்டித் தவளைகள் கல்லின் மேல். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கப் படமாக வருகிற விஷயம் அந்தக் குளத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் நடந்தது. தண்ணீரின் சூட்டையும் தவளை இனத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். முட்டையையோ தலைப்பிரட்டையையோ பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அங்கேயே விட்டால்தான் அடுத்த வாரம் போவதற்கு ஒரு காரணம் இருக்கும்.

பறவைக் கூட்டின் கணக்கும் இதேபோல் வாரக் கணக்குதான். சின்னப் பாடும் பறவைகளில் பலவும் சுமார் இரண்டு வாரம் அடைகாக்கும், குஞ்சுகள் இன்னும் இரண்டு வாரம் போலக் கூட்டில் இருக்கும். பறவை வாயில் நாரும் சுள்ளியுமாகப் பறப்பதைப் பார்த்த வாரத்திலிருந்து ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை போனால் முழுக் கதையையும் பார்த்துவிடலாம். ஆனால் தூர நின்றுதான் பார்க்க வேண்டும். கூட்டருகே போய் நின்றால் தாய்ப்பறவை திரும்பி வரத் தயங்கும், முட்டை சூடு இழக்கும். நம் கால்தடம் போன வழியே பூனையும் போகும் என்று சிலர் சொல்வார்கள். அது எப்படியோ, தள்ளி நிற்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

குஞ்சு ஒன்று தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பிள்ளைகள் பதறிப்போவார்கள். என் மகள் அழுதேவிட்டாள், வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்றாள். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிற குஞ்சு என்றால் பெரும்பாலும் அது தொலைந்துபோனதில்லை. கூட்டை விட்டு இறங்கிப் பறக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் பக்கத்துக் கிளையிலிருந்து இரை கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருக்கும். நாம் விலகிப் போவதுதான் உதவி. இறகே இல்லாத குஞ்சு விழுந்திருந்து, கூடும் கைக்கு எட்டுகிற உயரத்தில் தெரிந்தால் மெதுவாகத் திருப்பி வைத்துவிடலாம். மனிதர் தொட்ட வாடைக்காகப் பறவைகள் குஞ்சை ஒதுக்கிவிடும் என்று நாம் கேட்டு வளர்ந்தது பெரும்பாலான பறவைகளுக்குப் பொருந்தாது.

நேரம் எது என்று கேட்டால், விடியற்காலை. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. வசந்தத்தில் ஆண் பறவைகள் தம் எல்லையைச் சொல்லவும் இணையை அழைக்கவும் பாடுகின்றன. சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அது தொடங்கிவிடும். காற்று அடங்கியிருக்கிற நேரம், சாலைச் சத்தமும் இல்லை, அதனால் குரல் தெளிவாக வந்து விழும். எல்லாப் பறவையும் ஒன்றாகத் தொடங்குவதில்லை. ஒன்று ஆரம்பிக்கும், கொஞ்சம் கழித்து இன்னொன்று சேரும், அப்படியே நிறையும். எது முதலில், எது இரண்டாவது என்று நாலு வாரம் கவனித்தால் வரிசை மனதில் பதிந்துவிடும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. என் மகள் ஒரு பறவைக்குக் ‘கதவு’ என்று பெயர் வைத்திருக்கிறாள், எண்ணெய் போடாத கதவுபோலக் கத்துவதால்.

அரை நாள்தான் இருக்கிறது என்பது இதில் குறையே இல்லை. ஐந்தரைக்குப் போய் எட்டரைக்கு வீடு திரும்பினால் மீதி ஞாயிறு முழுசாகக் கையில் இருக்கும். இன்னொன்று: பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் சம இரவு நாளை ஒட்டித்தான், அதாவது வடக்கு அரைக்கோளத்தில் மார்ச் 20-ஐ ஒட்டியும் தெற்கில் செப்டம்பர் 22, 23-ஐ ஒட்டியும்தான், பகல் நீளுகிற வேகம் வருடத்திலேயே அதிகம். நிலநடுக்கோட்டுக்குத் தள்ளி இருக்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். போன வாரம் எழுந்த அதே நேரத்துக்கு இந்த வாரம் எழுந்தால் பாட்டின் தொடக்கத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். கடிகாரத்தை நம்பாமல் அன்றைய உதய நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்.

காலையில் முடியாதவர்கள் மாலையில் போகலாம். அப்போது ஒரு சின்னக் கைக்கணக்கு உதவும். கையை முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் எத்தனை விரல் அடங்குகிறதோ, விரலுக்குச் சுமார் கால் மணி நேரம். நாலு விரல் என்றால் ஒரு மணி நேரம் வெளிச்சம் மிச்சம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், கையால் மறைத்தபடியே கணக்கிடலாம். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

எடுத்துப் போக அதிகம் வேண்டாம். ஆனால் தரையில் விரிக்கத் தடிமனாக ஏதாவது கட்டாயம் வேண்டும். வசந்தத்தில் வெயில் இதமாக இருக்கும்போதும் குளிர்ப் பகுதிகளில் மண் இன்னும் பனிக்காலத்துக் குளிரையே வைத்திருக்கும். உட்கார்ந்த கால் மணி நேரத்தில் உடம்பு சில்லிட்டுப்போகும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது ஆகாது. தண்ணீரும் அப்படித்தான், வெயிலை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது. திடீரென்று கடும் குளிர்ந்த நீரில் இறங்கினால் மூச்சு கட்டுப்பாடில்லாமல் இழுக்கும், நீச்சல் தெரிந்தவர்களும் அந்த முதல் நிமிடத்தில்தான் தடுமாறுகிறார்கள். புல்வெளியில் நடந்து திரும்பினால் கணுக்கால், முழங்காலின் பின்புறம், பிள்ளைகளுக்குக் காதின் பின்னாலும் முடிக்குள்ளும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக இழுத்து எடுத்துவிட வேண்டும். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் மழை பெய்து ஓய்ந்த பிறகு போனால் கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிடலாம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் தொட்டது அதுதான். எங்கள் அம்மாவும் முதலில் “நீங்க போய்ட்டு வாங்க, நான் எதுக்கு இடைஞ்சல்” என்றுதான் சொன்னார். மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துப் போய்ப் போட்டோம். அவர் நடக்கவே தேவையில்லை. மகளும் நானும் கரையைச் சுற்றி வருவதற்குள் அவர் இருந்த இடத்திலேயே எங்களைவிட அதிகம் பார்த்திருப்பார். அசையாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பவரைப் பறவைகள் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை, பக்கத்திலேயே வந்து இறங்கும். நடப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் தகவல் திரட்டி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் இருந்தவர்கள், தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூடுதலாக இருந்தது. ஒரே தடவையாகப் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் பலனில் வேறுபாடு தெரியவில்லையாம். இது தொடர்பைத்தான் காட்டுகிறது, இதனால்தான் அது என்று நிரூபிக்கவில்லை. என்றாலும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த 120 நிமிடம் தாராளமாக அடங்கும்.

அம்மா கையில் ஒரு பழைய நோட்டைக் கொடுத்துவிடுங்கள். நான் செய்ததிலேயே நல்ல காரியம் இதுதான். தேதி, வானம், புதிதாகத் தெரிந்தது ஒன்று, அவ்வளவு எழுதினால் போதும். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் இப்படித்தான் ஆரம்பித்தார்: முதல் பூ, மரங்கள் தளிர்த்த நாள், தவளைகள் முதலில் கத்திய நாள் என்று தன் வீட்டைச் சுற்றி நடந்ததைக் குறித்துவைத்தார். அவருக்குப் பிறகும் குடும்பத்தார் 1958 வரை தொடர்ந்தார்கள். பருவநிலை மாறுவதை ஆராய்பவர்களுக்கு அந்தக் குறிப்புகள் இன்று உதவுகின்றன. வீட்டைச் சுற்றியுள்ள இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை என்று அவர் நினைத்திருந்தால் அது நமக்குக் கிடைத்திருக்காது.

ஒருவேளை வசந்தம் பாதி கழிந்த பிறகுதான் உங்களால் கிளம்ப முடிகிறது என்றால், பக்கத்தில் மேடோ குன்றோ இருந்தால் அங்கே போங்கள். அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹாப்கின்ஸ் 1918-இல் சொன்ன ஒரு கணக்கின்படி, ஏறத்தாழ 120 மீட்டர் உயரம் கூடக்கூட வசந்தம் நாலு நாள் தாமதமாக வருகிறது. வட அமெரிக்காவை வைத்துச் சொன்ன தோராயமான கணக்குதான். ஆனாலும் கீழே உதிர்ந்த பூ மேலே இன்னும் மொட்டாக இருக்கலாம். அம்மாவுக்கு ஏற்றம் கூடாது என்பதால் இதை இரண்டாவது வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மாவின் நோட்டு இப்போது மூன்றாவது வருடத்தில் இருக்கிறது. கரையில் நிற்கிற பெரிய மரத்துக்கு அதில் தனிப்பக்கம் ஒதுக்கியிருக்கிறார். போன ஞாயிறு எழுதியதை இன்று காலை படித்தேன்: “வானம் தெளிவு. மரம் தளிர்விட்டுவிட்டது, போன வருடத்தைவிட ஆறு நாள் முன்னால். முட்டை இன்னும் காணோம். கதவு வந்துவிட்டது.”