பிசியோ மேடம் ஏன் பெஞ்சை அளக்கிறார்?

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் சுற்றிவரும் பிசியோதெரபிஸ்ட், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். மூன்றாம் வகுப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகால் படாமல் முன்பாதத்தாலேயே நடப்பான். பள்ளிக்கு வரும் பிசியோ மேடம் அவன் காலை நீவிக்கூட விடுவதில்லை. பெஞ்சை அளக்கிறார், பாத்ரூமைப் பார்க்கிறார், சத்துணவு ஆயாவிடம் பேசிக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் ஒரு வைத்தியமா?
– ஒரு தாய், குடவாசல்

உங்கள் கோபம் எனக்குப் புதிதில்லை. "வந்தீங்க, பார்த்தீங்க, போறீங்க" என்று என்னையே நேரில் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த மேடம் செய்வதுதான் அம்மா எங்கள் வேலை.

ஆஸ்பத்திரியில் பிசியோ காலைப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் பார்ப்பது பிள்ளையின் ஒரு முழு நாளை. காலையில் கேட்டுக்குள் வந்ததிலிருந்து சாயங்கால மணி அடிக்கும் வரை, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்திருக்க அவனுக்கு எது இடைஞ்சல்?

பெஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதம் தரையில் எட்டாமல் தொங்கினால், தசை இறுகிய பிள்ளை முன்பக்கம் வழுக்கிக்கொண்டே வரும். விழாமலிருக்க இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எந்தக் கையால் எழுதுவது? டீச்சர் 'எழுத மாட்டேங்கிறான்' என்று குறிப்பு எழுதி அனுப்புவார். காலுக்கடியில் ஒரு மணைப்பலகையைப் போட்டுப் பாதம் முழுசாகப் பதியும்படி உட்காரவைத்துப் பாருங்கள், ஒரு கை விடுபடும். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று சும்மா கிடந்தால் கொடுத்தனுப்புங்கள்.

பாத்ரூமுக்கு வருகிறேன். இதை அம்மாக்களே பல நேரம் கவனிப்பதில்லை. நடக்கச் சிரமப்படும் பிள்ளைகள் நிறையப் பேர் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் போகவேண்டும், போனால் குந்த முடியாது, யாரையாவது கூப்பிட வேண்டும், வெட்கம். காலையில் வீட்டில் குடித்ததோடு சரி. மலச்சிக்கல், சிறுநீரில் எரிச்சல், மத்தியானத்துக்கு மேல் தலைவலி எல்லாம் அங்கிருந்து வரலாம். உங்கள் மகனின் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் எவ்வளவு காலியாகித் திரும்புகிறது என்று பாருங்கள். ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டும், பக்கச் சுவரில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கம்பியும் இருந்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். கம்பியை மேஸ்திரி தன் உயரத்துக்குப் பதித்துவிட்டுப் போவார், அதற்காகத்தான் அந்த மேடம் போய் நிற்கிறார்.

சத்துணவு ஆயாவிடம் பேசுவதும் இப்படித்தான். வாக்கரைப் பிடித்து நடக்கும் பிள்ளைக்குத் தட்டு பிடிக்கக் கை ஏது? வாக்கரில் ஒரு துணிப்பையை மாட்டி, தட்டுக்குப் பதில் மூடி போட்ட தூக்கில் சாதத்தை வாங்கிக்கொண்டால் வரிசையில் தானே நிற்பான். ஆயா சரி என்று சொன்னால்தான் இது நடக்கும்.

நீவி விடுவது பற்றி. எண்ணெய் தேய்த்து மெல்ல நீவினால் பிள்ளைக்கு இதமாக இருக்கும், தாராளமாகச் செய்யுங்கள். அதனால் நடை வந்துவிடாது. வெடுக்கென்று இழுத்து நிமிர்த்துவது மட்டும் வேண்டாம். மூளை முடக்குவாதத்தில் தசையை வேகமாக இழுத்தால் இன்னும் இறுகும், மெதுவாக இழுத்தால்தான் இடம் கொடுக்கும். முழங்காலை நீட்டிவைத்து, குதிகாலை உங்கள் உள்ளங்கையில் ஏந்தி, அவன் பாதம் உங்கள் முன்கையில் சாய்ந்திருக்க, அப்படியே நிதானமாக மேலே தள்ளி அரை நிமிடம் பிடியுங்கள். முன்பாதத்தை மட்டும் பிடித்துத் தள்ளினால் பாதம் நடுவில் வளைந்துகொடுக்கும், குதிகால் தசை நீளாது. ஸ்பிளின்ட் (காலில் மாட்டும் பிளாஸ்டிக் தாங்கி) இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு பீரியட் மேஜையைப் பிடித்து நின்றபடி பாடம் கேட்கட்டும். கையால் நான் இழுக்கிற சில நிமிடத்தைவிட அந்த நிற்றல் கெண்டைக்காலுக்கு அதிகம் செய்யும்.

பள்ளியில் சாய்தளம் கட்டிவிட்டோம். ஆனாலும் சக்கர நாற்காலியை இரண்டு பேர் தள்ளவேண்டியிருக்கிறது. எங்கே தவறு?
– தலைமை ஆசிரியர், வலங்கைமான்

நீளத்தை அளந்து பாருங்கள் சார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம், இதுதான் கணக்கு. வெள்ளத்துக்குப் பயந்து நம் பக்கத்தில் தளத்தை உயர்த்தித்தான் கட்டுகிறோம். அரையடி வீதம் மூன்று படி என்றாலே ஒன்றரை அடி உயரம், அதற்குப் பதினெட்டு அடி சாய்தளம் வேண்டும். இடமில்லை என்று ஐந்தாறு அடியில் முடித்துவிடுகிறார்கள். அது சாய்தளமில்லை, சறுக்குமரம். இடம் போதாவிட்டால் நடுவில் ஒரு திருப்பம் வைத்து மடக்கிக் கட்டலாம். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், வழவழ டைல்ஸ் கூடாது. அடிவாரத்தையும் ஒருமுறை பாருங்கள். களிமண் மழைக்கு இறங்கி, சிமென்ட் ஓரத்துக்கும் தரைக்கும் நடுவே நாலு விரற்கடை மேடு விழுந்திருந்தால் முன்சக்கரம் அங்கேயே முட்டி நின்றுவிடும்.

என் பேரன் அமெரிக்காவில் படிக்கிறான். அவன் பள்ளியிலேயே பிசியோ இருக்கிறாராம். நம் ஊரில் ஏன் இல்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

அங்கே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் படிப்புக்கென்று 1975-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதுவார்கள், பெற்றோரும் அந்தக் கூட்டத்தில் உட்காருவார்கள். பள்ளியில் படிக்க பிசியோ தேவை என்றால் அதுவும் திட்டத்தில் வரும். ஆனால் அங்கேயும் ஆபரேஷனுக்குப் பிந்தைய பயிற்சி போன்றவற்றுக்கு வெளியே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். பள்ளி பிசியோ பஸ் படியையும் விளையாட்டு மைதானத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

இங்கே 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையம் வழியாக எங்களை அனுப்புகிறார்கள். வட்டாரம் முழுக்கச் சுற்றவேண்டியவர் ஒரே பள்ளியில் தினமும் எப்படி இருப்பார்? அதனால்தான் எங்கள் வேலையில் பாதி, டீச்சருக்கும் அம்மாவுக்கும் கற்றுக்கொடுப்பது. நடவு நேரத்தில் அம்மாக்களைப் பிடிப்பதே கஷ்டம், அது வேறு கதை.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அடிக்கடி விழுகிறான். ஓட்டத்தில் கடைசி. தரையிலிருந்து எழ ரொம்ப நேரம் எடுக்கிறான். கெண்டைக்கால் நன்றாகத் திரண்டுதான் இருக்கிறது. சோம்பேறித்தனமா?
– உடற்கல்வி ஆசிரியர், மன்னார்குடி

இதைக் கேட்டதற்கு நன்றி சார். அவன் எழுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் குப்புறத் திரும்பி, கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்கால், தொடை என்று தன் உடம்பின் மேலேயே கையை வைத்து வைத்து ஏறி நிமிர்கிறானா? இடுப்பைச் சுற்றியுள்ள தசை பலவீனமாக இருந்தால் அப்படித்தான் எழுவார்கள். பையன்களுக்கு வரும் ஒருவகைத் தசைச் சிதைவு நோயில் கெண்டைக்கால் திரண்டு தெரியும். வீட்டில் 'நல்ல காத்திரமான காலு' என்று சந்தோஷப்படுவார்கள்.

வேறு காரணமும் இருக்கலாம். எனவே நோயின் பெயரை நீங்கள் பெற்றோரிடம் சொல்லவேண்டாம், நானும் சொல்லமாட்டேன். திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்கு இந்த வாரமே போகச் சொல்லுங்கள். சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையில் முதல் துப்புக் கிடைத்துவிடும். அதுவரை தோப்புக்கரணம், தவளைப் பாய்ச்சல், தண்டனை ஓட்டம் எதுவும் கூடாது. அந்த நோயில் அளவுக்கு மிஞ்சிய பயிற்சி தசையை இன்னும் கெடுக்கும். அதற்காக மரத்தடியில் தனியாக உட்காரவைத்துவிடாதீர்கள். களைப்பு வரும்வரை விளையாடட்டும், களைத்தால் அவனே நிறுத்தட்டும். வகுப்பு மாடியில் இருந்தால் கீழே மாற்றச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் ஸ்பிளின்ட் நனைந்து நாறுகிறது. அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைக்கலாமா?
– ஒரு பாட்டி, திருத்துறைப்பூண்டி

கூடவே கூடாது. பிளாஸ்டிக் வளைந்துவிடும், அப்புறம் காலில் சேராது. ஈரத்துணியால் துடைத்து நிழலில், காற்றில் வையுங்கள். வரப்புச் சேற்றில் போட்டுக்கொண்டு நடக்கவிடாமல் பையில் கொண்டுபோய், பள்ளியில் காலைக் கழுவித் துடைத்தபின் பருத்திச் சாக்ஸோடு மாட்டிவிடுங்கள். கழற்றியதும் காலில் சிவப்புத் தடம் தெரிந்து, அரைமணி நேரமாகியும் மறையவில்லை என்றால் ஸ்பிளின்ட் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம். எங்களிடம் காட்டுங்கள்.

மகள் பத்தாம் வகுப்பு. கை நடுக்கத்தால் மெதுவாக எழுதுவாள். பொதுத்தேர்வில் ஏதாவது சலுகை உண்டா?
– ஒரு தந்தை, பாபநாசம்

உண்டு. ஒரு மணி நேரம் கூடுதல் அவகாசம் கேட்கலாம், சொல்வதை எழுதுபவர் ஒருவரையும் கேட்கலாம். மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பிப்ரவரியில் ஓடாமல் அரையாண்டுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். எது வேண்டும் என்பதை அவளே முடிவுசெய்யட்டும். சில பிள்ளைகளுக்குப் பிறத்தியாரிடம் சொல்லி எழுதவைப்பது பிடிக்காது, நேரம் கிடைத்தால் போதும் என்பார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாதிரித் தேர்வுகளிலேயே பழகவேண்டும். முழங்கை மேஜையில் முழுதாகப் படிந்தால் நடுக்கம் கொஞ்சம் அடங்கும், ஆகவே தேர்வு அறையில் என்ன உயர மேஜை போடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விண்ணப்பத்தின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.